பெர்த்தியின் முதுகில் ஏறிய மீன்

பூமலாவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஐரா ஹவேரினனிடம் பேச்சு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்து, பக்கத்து நகரமான மிக்கெலிக்குப் பேருந்து ஏறிப் போய்க் கற்றுக்கொண்டவர்கள். அந்த ஏரிக்கரை ஊரின் ஒரே ஓட்டுநர் பள்ளியில் ஒரே ஆசிரியை அவள்தான். கத்தமாட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள்.

"பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. உன் காலுக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாயேன்."

பிள்ளைகளுக்கு வியர்த்துப்போகும். ஆனால் தேர்வில் பெரும்பாலும் முதல் தடவையே தேறிவிடுவார்கள். தேர்வு எடுக்க வருபவர் எப்படியும் ஐராவைவிடச் சாதுவாகத்தான் இருப்பார்.

அவளுடைய ஏளனத்தில் நல்ல பங்கு வீட்டுக்கென்று மிச்சம் வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் இருந்தது கணவன் பெர்த்தி.

பெர்த்தி ஊர் மரக்கடையில் காலமெல்லாம் பலகை அளந்தவன். யாருக்கும் எதைப் பற்றியும் விளக்கம் சொல்லுவான். மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த செவிலிக்குத் தொப்புள்கொடியைப் பற்றி எடுத்துச் சொன்னான். தகப்பனாரின் அடக்கத்தன்று பாதிரியாரைத் தனியே கூப்பிட்டு, குழியை இன்னும் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருக்கலாம் என்றான். அவனுக்கென்று புகழ் ஒன்று உண்டென்றால் அது ஒரு மீன். கல்யாணமான மறு வருஷம் சைமா ஏரியில் பிடித்த ஹவுக்கி. முதலை மூஞ்சியும் ஊசிப் பற்களுமாகப் பதினான்கு கிலோ இருநூறு கிராம். அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவன் சிரிக்கிற படம் வட்டாரப் பத்திரிகையில் வந்து, பிறகு சட்டம் போட்டுச் சமையலறையில் தொங்கியது. அந்த வீட்டில் காபி குடித்தவர்கள் எல்லாருக்கும் கதை மனப்பாடம்.

கதையில் ஒரே ஒரு கோளாறு. மீனைப் பிடித்தது ஐரா.

அன்றைக்குப் பெர்த்தி கரையில் உட்கார்ந்து படகு இயந்திரத்தை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். கேட்டுச் சலித்துப்போய் ஐரா துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு தனியே போனாள். நாணல் ஓரம் தூண்டில் வளைந்தது. மீன் படகையே இழுத்துக்கொண்டு போனது. நூல் விரலை அறுத்தது. கொக்கிக் கழியால் விலாவில் குத்தியதில் பக்கத் துடுப்பு ஒன்று கிழிந்துபோன மீனைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டபோது அவள் கை இரண்டிலும் ரத்தம். பக்கத்துக் குடிலிலிருந்து ஒருவர் காமிராவோடு ஓடிவந்தார். "கொஞ்சம் பிடி, கை எரியுது" என்று அவள்தான் மீனைப் பெர்த்தியிடம் கொடுத்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. பத்திரிகையிலிருந்து பெயர் கேட்டார்கள். பெர்த்தி தன் பெயரைச் சொன்னான்.

சொல்லிவிட்டு, சில நாள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு மீனுக்காக வாய் திறப்பதா என்று இருந்தது அவளுக்கு. திருடனைப் பிடித்து நிறுத்துவது யாராலும் முடியும். திருடுவதைத் தெரிந்துகொண்டே பேசாமல் பார்த்திருப்பதில்தான் உயரம் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்தவள் முப்பது வருஷமாக இறங்கவேயில்லை.

பெர்த்தி ஓய்வு பெற்ற வருஷம், நடுக்கோடைத் திருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு, மிக்கெலிக்குப் போய்விட்டு வந்தவன் நாற்காலியில் சாயாமல் விறைத்து உட்கார்ந்தான்.

"என்ன, முதுகுல ஆணி அடிச்சிருக்கா?" என்றாள் ஐரா.

"பார்த்தா அசந்துடுவே" என்று சட்டையைக் கழற்றினான்.

வலது தோள்பட்டைக்குக் கீழே, தபால் உறை அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதற்குள் ரத்தமும் மையும் கலந்து கறுப்பாகத் தேங்கி, அடியில் பை போலத் தொங்கியது.

"இது என்ன, கட்டியா? டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"பச்சை குத்தியிருக்கேன். மீன். ஹவுக்கி."

"எந்த ஹவுக்கி?"

பெர்த்தி சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தான். "நம்ம வீட்டுல எத்தனை ஹவுக்கி இருக்கு?"

ஐரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். கறுப்பு நீருக்குள்ளிருந்து நீண்ட மூஞ்சி ஒன்று தெரிந்தது. வாலுக்குக் கீழே எண்: 14.2. இத்தனை நாள் பொய் காகிதத்தில் இருந்தது. இப்போது தோலுக்குள்ளே இறங்கிவிட்டது. குளித்தாலும் போகாது, செத்தாலும் கூடவே போகும்.

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"நல்லது" என்றாள்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். நாளைக்கு இந்தப் பிளாஸ்திரியை எடுத்துக் கழுவி, புதிதாக ஒன்று ஒட்ட வேண்டுமாம். அவன் கை அங்கே எட்டாது.

"எப்படி எடுக்கணும்?"

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்லிச்சு. சோப்புன்னு என்னமோ. பெரிய விஷயம் இல்ல, ஒரு பிளாஸ்திரிதானே."

ஐரா பச்சை குத்தும் கடைக்குத் தொலைபேசி அடித்தாள். சன்னி என்ற பெண் எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேனேம்மா."

"மூணு தடவையும் அவன் அடுத்து என்ன பேசலாம்னு யோசிச்சுட்டு இருந்திருப்பான். என்கிட்ட ஒரு தடவை சொல்லு."

சன்னி சிரித்துவிட்டுச் சொன்னாள். "மேல தூக்கி இழுக்கவே கூடாது. வெதுவெதுன்னு தண்ணி ஓடவிட்டு, ஒரு ஓரத்தைக் கிளப்பி, தோலோட படுத்தாப்புலயே பக்கவாட்டுல நீட்டுங்க. ரப்பர் மாதிரி நீண்டு தானா விட்டுக்கும். வாசனை இல்லாத சோப்பு, வெறுங்கை. துண்டு போட்டுத் துடைக்காதீங்க, சமையலறைக் காகிதத்தால ஒத்தி எடுங்க. நல்லாக் காஞ்சப்புறம் புதுசை ஒட்டுங்க. அது ஒரு வாரம் கிடக்கலாம். ஆனா ஓரம் கிளம்பிடுச்சுன்னா உடனே எடுத்துடணும். உள்ள அழுக்கு போச்சுன்னா புண்ணாயிடும்."

"சரி."

"அப்புறம் சவுனா, ஏரி, வெயில். மூணும் கூடாது. மூணு வாரமாவது."

"நடுக்கோடைக்கும் சவுனா கூடாதா? இது அவனுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். தலையாட்டினாரு."

"குதிரையும் ஆட்டும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்தாள். தம்பியும் பங்காளிகளும் கூடி வியர்த்து உட்காரும் திருநாள் சவுனாவில், அந்த நீராவி அறையின் மேல்பலகையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரத்தான் அவன் அவசர அவசரமாகப் போய்க் குத்திக்கொண்டு வந்திருக்கிறான்.

மறுநாள் குளியலறையில் பெர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீரைத் திறந்து ஐரா ஓரத்தைக் கிளப்பினாள்.

"அந்தப் பக்கமா இழு."

"உன் முதுகு உனக்குத் தெரியுதா?"

"தெரியாது. ஆனா சொல்றேன்."

"சுவரைப் பார்த்துட்டு நில்லு. அதுகிட்டச் சொல்லு."

பிளாஸ்திரி நீண்டு நீண்டு விட்டது. முடி இருந்த இடத்தில் பெர்த்தி பல்லைக் கடித்தான். கறுப்புத் தண்ணீர் உடைந்து அவன் இடுப்பு வழியே ஓடி, உள்ளாடையை நனைத்து, தரையில் சுழித்துப் போனது. அவள் சோப்புக் கையால் தடவிக் கழுவினாள். அந்த முதுகை அவள் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வெளுத்து, மச்சம் மண்டி, உரித்த கோழி மாதிரி இருந்தது. அதன் நடுவே மீன் தெளிவாக எழுந்து வந்தது. சன்னி கைகாரிதான். பழைய படத்தைப் பார்த்துச் செதில் செதிலாக வரைந்திருந்தாள். ஐரா கொக்கிக் கழியால் கிழித்த துடுப்புகூட அப்படியே கிழிந்திருந்தது.

அவள் விரல் அந்த இடத்தில் சற்று நின்றது. பிறகு காகிதத்தால் ஒத்தி, காயவிட்டு, புதுப் பிளாஸ்திரியை ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். செய்கிற வேலையைக் கோணலாகச் செய்ய அவளுக்கு வராது, அது பெர்த்தியின் முதுகாகவே இருந்தாலும்.

திருநாளன்று பெர்த்தியின் தம்பி கௌக்கோ பீர்ப் பெட்டிகளோடு வந்தான். பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த மத்தி மீனும் சாப்பிட்டு முடிந்தது. கரையில் சவுனாவின் புகைக்குழாய் புகைந்தது. பெர்த்தி அந்தப் புழுக்கத்திலும் சட்டையை மாட்டிக்கொண்டு, நேரம் வரட்டும் என்று காத்திருந்தான்.

"உள்ள போகாதே. அந்தப் பொண்ணு கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றாள் ஐரா.

"சவுனாவால எவனுக்கும் கெட்டது வந்தது கிடையாது. எங்கம்மா என்னைச் சவுனாவுலதான் பெத்தா."

"அது அந்தச் சவுனா செஞ்ச தப்பு."

கௌக்கோ சிரித்தான். பெர்த்தி துண்டை எடுத்துக்கொண்டு போனான். அவள் மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவைக்கு மேல் சொல்வது அவள் பழக்கம் இல்லை.

உள்ளே நடந்ததைக் கௌக்கோதான் பிற்பாடு சொன்னான். பெர்த்தி மேல்பலகையில் ஏறி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கதையைத் தொடங்கினான். சூடேறிய அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பிளாஸ்திரிக்குள் வியர்வை கட்டியது. கதை நாணல் ஓரம் வருவதற்குள் ஒரு மூலை கிளம்பியது. மீன் தூண்டிலைக் கவ்வியபோது பாதி தொங்கியது. யாரோ, சவுனாவில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்தால் விளையாட்டாக ஒரு போடு போட்டார்கள். இலை உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

"தொங்குதேண்ணா, எடுத்துடவா?" என்று கௌக்கோ கேட்டிருக்கிறான்.

"எடு, எடு. ஒரு பிளாஸ்திரிதானே."

கௌக்கோ மூலையைப் பிடித்து, மேல் நோக்கி, ஒரே இழுப்பாக இழுத்தான்.

படகுத்துறையில் தணலில் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்த ஐராவுக்கு அந்த அலறல் கேட்டது. தொடர்ந்து கதவு அடிபட்டது. பெர்த்தி அம்மணமாக ஓடிவந்து, சவுனாவிலிருந்து வந்தவன் செய்கிறபடியே ஏரிக்குள் விழுந்தான். பின்னாலேயே கௌக்கோ இடுப்பில் துண்டோடு வந்து, முடியும் இலையுமாகத் தொங்கிய பிளாஸ்திரியை உயர்த்திக் காட்டினான்.

"அண்ணி, மீனைத் தோலுரிச்சாச்சு."

ஐரா அதைப் பார்த்தாள். பிறகு கௌக்கோவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் கார் ஓட்டக் கற்றவன் அவன். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு அர்த்தம் தெரிந்தவன். பிளாஸ்திரியை மெல்லக் கீழே இறக்கினான்.

இரண்டு நாளில் முதுகு சிவந்து வீங்கியது. அப்புறம் காய்ச்சல். சுகாதார நிலையத்தில் இளம் மருத்துவர் ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏரியில இறங்கினீங்களா?" என்றாள். ஏரித் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று பெர்த்தி விளக்கத் தொடங்கினான். மருத்துவர் ஐராவிடம் திரும்பி மாத்திரையைப் பற்றிச் சொன்னாள்.

ஜூலை முழுக்க அவனைக் கழுவுவதே அவள் வேலையாயிற்று. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இனிமேல் பிளாஸ்திரி ஒட்ட முடியாது, காற்றாட விட வேண்டும். மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. பெர்த்தி கதவு நிலையில் முதுகைத் தேய்க்கப் போவான். "மாடா நீ?" என்பாள் அவள் அடுத்த அறையிலிருந்தே. அவனைக் குளிப்பாட்டுகிறோம் என்று அவளுக்கு இரக்கம் வந்ததாகச் சொல்ல முடியாது. கோபமும் இல்லை. ஊர்க்கோடியில் நாயும் பூனையும்கூடத் தங்கள் புண்ணைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றனவே என்று மட்டும் நினைத்துக்கொண்டு சோப்பைப் போட்டாள்.

ஒரு காலை, ஒத்தி எடுத்த காகிதத்தோடு ஒரு பொருக்கு வந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மை இல்லை. ஐரா குனிந்து பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றான் பெர்த்தி சுவரைப் பார்த்தபடி.

"ஒண்ணைக் காணோம்."

"எந்த ஒண்ணு?"

"பதினாலுல இருந்த ஒண்ணு." கைபேசியில் படம் எடுத்து நீட்டினாள். "நாலு புள்ளி ரெண்டு. சூப்பு வைக்கச் சரியா இருக்கும்."

பெர்த்தி படத்தை வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். சன்னியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தோல் நன்றாக ஆறட்டும், செப்டம்பருக்கு மேல்தான் ஊசி வைக்க முடியும் என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான் பெர்த்தி.

"நான் எப்போ சொல்லியிருக்கேன்?" என்றாள் ஐரா.

முப்பது வருஷத்தில் அந்த மீனைப் பிடித்தது யார் என்பதைப் பற்றி அவள் அவனிடம் ஜாடையாகவாவது பேசியது அவ்வளவுதான். அவனுக்குப் புரிந்தது. சட்டையைத் தேடிக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் கௌக்கோ வீட்டில் ஏரி நண்டு விருந்து. விருந்தென்றால் முதலில் சவுனா. புண் ஆறிவிட்டதால் போகாமலிருக்கச் சாக்கும் இல்லை. பெர்த்தி முதுகைச் சுவரோடு சாய்த்துக்கொண்டே கடைசி ஆளாக உள்ளே போனான். ஐரா வெளிப்படியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மரச்சுவர் வழியே எல்லாம் கேட்டது.

"அண்ணா, திரும்பு. இது என்ன நாலு?"

"ஏய், மீன் தண்ணியில ஊறிச் சுருங்கிப் போச்சுடா" என்றான் ஒரு பங்காளி.

சிரிப்பு. பலகையைத் தட்டிச் சிரிப்பு. நாலு கிலோ ஹவுக்கியை எங்கள் வீட்டுப் பூனை பிடிக்கும் என்றான் இன்னொருவன். பெர்த்தி பதினாலு பதினாலு என்று சொல்லிப் பார்த்தான், யாரும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வேறு மாதிரி கேட்டது.

"சும்மா இருங்கடா. அது என் மீனே இல்ல. ஐரா பிடிச்சது."

ஐரா கோப்பையைக் கீழே வைத்தாள். பதினான்கு கிலோவாக இருந்தவரை அது அவனுடைய மீன். நாலு கிலோ ஆனதும் அவளுடையது.

எழுந்து, காலணியோடு போய், சவுனாக் கதவைத் திறந்தாள். மூன்று நான்கு அம்மண ஆண்கள் துண்டுக்குத் தாவினார்கள்.

"கதவைச் சாத்து அண்ணி, சூடு போகுது."

"போகட்டும். பெர்த்தி, இப்போ சொன்னதை மறுபடி சொல்லு. எடையோட சொல்லு."

பெர்த்தி முழங்காலைப் பார்த்தான். கல் மேல் கடைசித் தண்ணீர் சீறி அடங்கியது.

"ஐராதான் பிடிச்சா. பதினாலு கிலோ இருநூறு. தனியாப் போய்ப் பிடிச்சா. நான் கரையில இன்ஜினைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கௌக்கோ அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

"அப்போ நீ ஏன் அண்ணி இவ்வளவு நாள் சொல்லல?"

முப்பது வருஷமாகப் பேசாமல் அவள் உட்கார்ந்திருந்த உயரத்தைக் கீழேயிருந்து ஒருவரும் அண்ணாந்து பார்த்திருக்கவில்லை. அவள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுப் படிக்குத் திரும்பி வந்தாள். காபி ஆறியிருந்தது. குடித்தாள். பெர்த்தியை நினைத்தால் வழக்கமாக வருகிற இளப்பம் வந்தது. ஆனால் இந்தத் தடவை அது அவனோடு நிற்காமல் அவள் பக்கமும் கொஞ்சம் திரும்பியது.

செப்டம்பரில் அவள்தான் காரோட்டி அவனை மிக்கெலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பெர்த்தி அவள் கியர் மாற்றுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடை வாசலில் இறங்கியவன் ஜன்னலுக்குக் குனிந்தான்.

"சன்னி கேட்டா, உன் பேரையும் போடலாமான்னு. சின்னதா, தலைக்குக் கீழ."

"என் பேரு வேண்டாம் அங்க. அந்த முதுகு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்போ, காணாமப் போன அந்த ஒண்ணு?"

"ஒண்ணு இருந்தது. போட்டுக்கோ."

அவன் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வந்தான்.

ஊருக்குள் விஷயம் அதற்கு முன்பே பரவியிருந்தது. கௌக்கோவுக்கு வாய் நிற்காது. அடுத்த வாரம் பாடத்துக்கு வந்த பெண், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு பெரிய ஹவுக்கி, நீங்க பிடிச்சதாமே?"

"ரோட்டைப் பாரு" என்றாள் ஐரா. பாலம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் ஏறியதும் கீழே ஏரியும் நாணலும் தெரிந்தன. "நூல் விரலை அறுத்துடுச்சு" என்றாள். "இதோ பாரு, இன்னும் தழும்பு இருக்கு. முதல்ல படகு அசைஞ்சுதான் எனக்கே தெரிஞ்சுது..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். திரும்ப வேண்டிய இடத்தை அந்தப் பெண் விட்டுவிட்டாள். ஐரா கவனிக்கவில்லை. குளிர்காலம் வருவதற்குள் ஓட்டுநர் பள்ளியில் அந்தக் கதை தெரியாத பிள்ளை கிடையாது. சிலருக்கு அது இரண்டு தடவை சொல்லப்பட்டது.